பழைய பிராசசரும் புதுப் பயாஸும்

திரையில் நீலக்கோடு அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்று யோசித்தது. யாரும் ஸ்விட்ச் பக்கம் போகக் கூடாது என்று அவர் மூன்று முறை உத்தரவு போட்டாயிற்று. வீட்டில் இருந்தது மனைவி ஒருத்திதான். அவளும் சமையலறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த அவருக்குத் தெருவில் வெர்ஷன்காரர் என்று பெயர். நன்றாக ஓடும் மெஷினைக் கண்டால் புது வெர்ஷன் ஏற்ற அவருக்குக் கை அரிக்கும். இன்று சிக்கியது மனைவியின் மெஷின். அவள் வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போடுகிறவள். ஒரு பள்ளிக்கூடத்தின் வரைபடம் நாலு மணிக்கு இன்ஜினியர் கைக்குப் போக வேண்டும். தவறினால் இனி வேலையே கிடையாது என்று அந்த இன்ஜினியர் சொல்லிவிட்டார். அவள் சாப்பிட்டு வருவதற்குள் புதுப் பயாஸை ஏற்றி ஓர் உபகாரம் செய்துவிடலாம் என்று இவர் இறங்கினார். பயாஸ் என்பது மதர்போர்டு கண் விழித்ததும் ஓதுகிற முதல் பாடம். அதை மாற்றித் தரும்படி அந்த வீட்டில் ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை.

கம்பெனியின் இணையப் பக்கத்தில் சிவப்பெழுத்தில் ஒரு வரி இருந்தது: பழைய பிராசசர் வைத்திருப்பவர்கள் இதை ஏற்ற வேண்டாம். படித்தார். இந்த மெஷினில் இருந்தது எட்டு வருஷத்துக்கு முன் தன் கையால் பொறுக்கி மாட்டிய பிராசசர். பழசு என்பது அடுத்தவன் வீட்டுச் சாமானுக்குச் சொல்வது என்று தீர்மானித்து மேலே போனார்.

நூறு சதவீதம் ஆயிற்று. மெஷின் அணைந்து எழுந்தது. காற்றாடி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. மெமரி அட்டையான ராமைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் தேய்த்தார். மதர்போர்டின் பொத்தான் பேட்டரியைப் பிடுங்கி மறுபடி மாட்டினார். புதுப் பயாஸுக்கு அந்தப் பிராசசரை யாரென்றே தெரியவில்லை.

கை கழுவிவிட்டு வந்தவள் திரையைப் பார்த்தாள். மணி ஒன்றே முக்கால்.

"என்ன பண்ணீங்க?"

"அப்டேட்தான். நல்லா ஏறிடுச்சு."

"ஒண்ணுமே தெரியலையே."

"பிராசசர் பழசும்மா. அதான் ஒத்துக்கல."

"அது பழசுன்னு காலைல வரைக்கும் அதுக்கே தெரியாது. பாவம், ஓடிட்டிருந்துச்சு."

கொஞ்சம் புதிய பிராசசர் ஒன்றை இரவல் வாங்கி மாட்டி, பழைய பயாஸுக்குத் திரும்பிவிட்டால் போதும் என்று அவர் பாடம் நடத்தினார். யாரிடம் இருக்கிறது என்று கேட்டாள். இவர் கடையில் அப்படி ஒன்று இல்லை; வரைபடம் பிரிண்ட் போடும் எதிர்த்தெருக் கடைக்காரனிடம் இருந்தது. ஓர் அப்டேட்டும் போடாத சோம்பேறி என்று இவர் ஊரெல்லாம் நக்கலடித்து வந்த ஆள்.

"அவன்கிட்ட நான் எப்படிப் போய் நிக்கிறது?"

"நீங்க நிக்க வேண்டாம். நகருங்க."

திருப்புளியை அவர் கையிலிருந்து வாங்கி ஹார்ட் டிஸ்கைக் கழற்றினாள். கைப்பையில் போட்டுக்கொண்டு எதிர்த்தெருவுக்குப் போனாள். அந்தச் சோம்பேறியின் மெஷினில் உட்கார்ந்து வரைபடத்தை முடித்துக் கொடுத்துவிட்டு, நாலேகாலுக்கு வீடு வந்தாள். இன்ஜினியர் வாங்கிக்கொண்டார் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் மதர்போர்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு எதிர்த்தெருக் கடைக்குப் போனார். கடைக்காரன் தன் பிராசசரைக் கழற்றிக் கொடுத்தான். பழைய பயாஸ் ஏற ஏழு நிமிஷம் ஆயிற்று. வீடு திரும்பிப் பழைய பிராசசரை மாட்டினார். பதினொன்றரைக்கு மெஷின் ஓடியது. மனைவி பயாஸுக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டாள். அது என்னவென்று அவர் கேட்கவில்லை. கடை திறக்கப் போனார்.