நூற்றைம்பது மில்லிக் கோடு

விஜயகலாவுக்கு மழை அளக்கும் வேலை கிடைத்தது அவள் கெட்டிக்காரி என்பதற்காக அல்ல. அன்றைய கூட்டத்தில் மற்ற எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், அவ்வளவுதான். அரநாயக்கவில் மலை சரிந்து ஊர்மேல் இறங்கிய பிறகு, கரவனெல்லைக்கு மேலே இருக்கும் இந்த இறப்பர் தோட்டத்துக்கும் மண்சரிவு ஆபீஸ்காரர்கள் வந்தார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசைக்குப் பின்னால் நிற்கும் சரிவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். வேறு இடத்தில் வீடு கட்டித் தருவோம் என்றார்கள். வீடு இன்றுவரை வரவில்லை. ஒரு பிளாஸ்டிக் குழாயும் கையால் சுற்றும் சைரனும் ஒரு கொப்பியும் மட்டும் வந்தன. சிங்களம் எழுதத் தெரிந்தவர் யார் என்று கேட்டபோது வேலுசாமிக் கங்காணி இவளைக் கைகாட்டிவிட்டார்.

குழாயைப் பெரட்டுக்களத்தில், காலையில் பேர் கூப்பிடும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு கம்பத்தில் மாட்டியிருந்தார்கள். காலை எட்டரைக்கு அதிலிருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்ப மாட்ட வேண்டும். அதன் பிறகு மறுநாள்வரை யாரும் அதைத் தொடக் கூடாது. மழை நாளில் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதரம் பார்த்து எழுத வேண்டும். நூற்றைம்பது மில்லியில் ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர் அதைத் தொட்டால் சைரனைச் சுற்ற வேண்டும், லயத்துச் சனம் முழுவதும் படியிறங்கிக் கீழே பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போக வேண்டும். கேட்க ரொம்ப லேசான காரியம்தான்.

அவளுக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. பதினேழு வயதில் பால்வெட்டக் கத்தி பிடித்தவள். புருஷன் வத்தளையில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான். அவனைப் பற்றி அவளே பேசுவதில்லை, நாமும் விட்டுவிடலாம். பிள்ளை கிடையாது. லயத்து அறையைக் காமரா என்பார்கள்; முதல் காமரா அவளுடையது. மலைப்பக்கம் இருக்கும் கடைசிக் காமராவில் அவளுடைய அக்கா புஷ்பமும் மச்சான் செல்லையாவும் இருந்தார்கள். அவர்களுடைய ஒரே மகள் ஷாமிளா கொழும்பில் கார்மெண்டில் வேலை. வீட்டில் எது சமைத்தாலும் ஒரு கிண்ணம் அந்தக் கடைசிக் காமராவுக்குப் போகும், அங்கேயிருந்து ஒரு கிண்ணம் இங்கே வரும்.

முதல்தரம் சைரன் சுற்றியபோது திருவிழாபோல் சனம் கிளம்பியது. மூட்டை முடிச்சு, கோழி, டீவிப் பெட்டி, எல்லாம் படியிறங்கின. கடைத்தெரு மஹ்ரூப் நானா பாணும் சீனிச்சம்பலும் அனுப்பினார். இரண்டு நாள் மண்டபத்தில் படுத்தார்கள். மலை அசையவில்லை. சிரித்துக்கொண்டே ஏறிப் போனார்கள். அடுத்த வருஷமும் அப்படித்தான், ஆனால் இந்தத் தடவை சிரிப்பு குறைவு. மூன்றாவது தடவை ஆளில்லாத லயத்தில் யாரோ புகுந்து கோழிகளையும் ஒரு காஸ் சிலிண்டரையும் தூக்கிப் போய்விட்டார்கள். "மழைக்காரி வர்றா, கோழியப் பூட்டுங்க" என்று அதற்குப் பிறகு பெண்கள் அவள் காதுபடவே பேசினார்கள். விஜயகலா காதில் விழாததுபோல் போய்விடுவாள். வலிக்காமல் இல்லை.

நான்காவது தடவைதான் குடும்பத்தைக் குலைத்தது. செல்லையாவுக்கு அதற்குள் வாதம் வந்து ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டிருந்தது. குழாயில் அன்று நூற்றிருபதுதான். ஆனால் சரிவுப் பக்கம் மரம் முறிவதுபோல் ஒரு சத்தம் கேட்டதென்று விஜயகலா சைரனைச் சுற்றிவிட்டாள். நாலு பேர் செல்லையாவைப் பிளாஸ்டிக் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வழுக்கும் படியில் இறங்கினார்கள். ஒருவனுக்குக் கால் சறுக்கியது. கதிரையோடு மனுஷன் படியோரம் தண்ணீர் ஓடும் கானுக்குள் போய் விழுந்தார். இடுப்பெலும்பு போய்விட்டது. ஒரு மாதம் ஆஸ்பத்திரியில். மலையோ சும்மா நின்றுகொண்டிருந்தது.

"ஒன் சத்தத்துக்கு என் புருஷன் இடுப்பு போச்சுடி" என்றாள் புஷ்பம். "இனிமே கணக்குல நூத்தம்பது காட்டாம என் வாசப்படி மிதிக்காத."

குழாய் கொடுத்த ஆபீஸ் மஹத்தயாவும் வந்து பெரட்டுக்களத்தில் கூட்டம் வைத்தார். கண்மதிப்பில் சைரன் சுற்றினால் சனம் நம்பிக்கை இழந்துவிடும், இலக்கம் இருந்தால்தான் சுற்ற வேண்டும் என்று சிங்களத்தில் பதமாகத்தான் சொன்னார். எல்லார் முன்னாலும் சரியென்று தலையாட்டினாள் விஜயகலா. கிண்ணம் போவதும் வருவதும் நின்றுபோனது. அதற்குப் பிறகு இலக்கம் என்றால் இலக்கம்தான். நூற்று நாற்பத்தெட்டு காட்டிய ஒரு நாள் கம்பத்தடியிலேயே நின்றாள், சுற்றவில்லை. மழை விட்டது. பார்த்தாயா என்று அவளுக்கே ஒரு தைரியம் வந்தது.

போன வருஷக் கடைசியில் அந்த மழை வந்தது. இரண்டு நாளாக வானம் விடவில்லை. மூன்றாம் நாள் காலை எட்டரைக்குக் குழாயைக் கொட்டி மாட்டினாள். பகல் பன்னிரண்டுக்கு எண்பத்தெட்டு. கொப்பியில் எழுதினாள்.

மழையில் பால்வெட்டு கிடையாது. ஆனால் பால் பிடிக்க மரத்தில் கட்டியிருக்கும் சிரட்டைகளில் மழைத்தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு முட்டையிடும், சுகாதாரப் பரிசோதகர் தோட்டத்தின்மேல் வழக்குப் போடுவார். அதனால் அன்றும் வேலுசாமிக் கங்காணி நடக்க முடிந்தவர்கள் எல்லாரையும் தூர மலைக்கு விரட்டினார். பிள்ளைகளைக்கூடக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆளுக்கு முந்நூறு மரம். சிரட்டையை எடு, தண்ணீரைக் கொட்டு, கவிழ்த்து வை. எடு, கொட்டு, கவிழ். இருபத்தொன்பது வருஷமாக அந்தக் கை செய்கிற வேலை. மழைத்தண்ணீர் கலந்த பால் கெட்டுப்போகும் என்பதால், தண்ணீர் நிற்கும் பாத்திரத்தைப் பார்த்தாலே இறப்பர்க் காட்டுப் பெண்ணின் கை தானாக அதைச் சாய்த்துவிடும்.

மூன்று மணிக்கு வாசிக்க வேண்டுமென்று மற்றவர்களுக்கு முந்தி விஜயகலா தனியாக இறங்கி வந்தாள். கண்ணில் மழை அடித்தது. முந்நூறு சிரட்டை கவிழ்த்த கை மரத்துப்போயிருந்தது. கம்பத்தடிக்கு வந்தாள், குழாயைத் தூக்கினாள், கொட்டினாள்.

கவிழ்க்கப் போகும்போதுதான் புத்தி வந்தது.

எவ்வளவு இருந்தது? பார்க்கவில்லை. கனமாக இருந்தது, அது மட்டும் கைக்குத் தெரியும். நூற்று முப்பதா, நூற்றெழுபதா? கைக்கு ஏது இலக்கம். ஆபீஸ் மஹத்தயாவுக்குப் போன் அடித்தாள். அவர் எடுத்ததும் "கீயத நங்கி?" என்றார், எத்தனை தங்கச்சி என்று. வாய் குழறி நடந்ததைச் சொன்னாள். அவர் சலித்துக்கொண்டார். குழாயை மாட்டி அரை மணித்தியாலம் பார்த்துவிட்டுத் திரும்பப் போன் எடுக்கச் சொன்னார்.

அவள் குழாயை மாட்டினாள். மனம் கேட்கவில்லை. கடைசிக் காமராவுக்கு ஓடினாள். லயத்தில் அன்று பகல் இருந்தது புஷ்பமும் செல்லையாவும் மட்டுந்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த வாசலில் போய் நின்றாள்.

"அக்கா, கெளம்பலாம். நானும் நீயும் மச்சான சாக்குல வச்சு இழுத்துக்கிட்டாவது போயிருவோம்."

புஷ்பம் அடுப்படியிலிருந்து எழுந்திருக்கவில்லை. "எத்தன?"

"தெரியலக்கா. பாக்காம கொட்டிப்புட்டேன்."

"கொட்டிப்புட்டியா?"

"சிரட்டக் கவுத்துக் கவுத்து, அதே நெனப்புல கொட்டிப்புட்டேன். கனமா இருந்துச்சுக்கா. சொன்னா கேளு."

புஷ்பம் சிரித்தாள். கோபச் சிரிப்பு இல்லை, அலுத்துப்போன சிரிப்பு. உள்ளே படுத்திருந்த செல்லையாவைத் திரும்பிப் பார்த்தாள். "அந்தப் படியில அவர இன்னொருக்கா போடச் சொல்றியா? போயி பாத்துட்டு வா கலா. நூத்தம்பதுன்னு சொல்லு, நானே முதுகுல தூக்கிக்கிட்டு வாரேன்."

அக்காவின் வாயில் தன் பெயரைக் கேட்டு எத்தனை மாதம். அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்தத் தடவை பிழைவிடக் கூடாது என்று நினைத்தாள் விஜயகலா. திரும்பிப் பெரட்டுக்களத்துக்கு நடந்தாள். குழாயின் முன்னால் நின்று பார்த்தாள். பத்து. பதினான்கு. சைரன் அவள் காமராவில் கட்டிலுக்கடியில் கிடந்தது, நூறு அடி தூரம். அவள் குழாயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தண்ணீர் பத்தொன்பதைத் தொட்டபோது அந்தச் சத்தம் வந்தது. லொறி கல் கொட்டுகிற மாதிரி, ஆனால் நிற்காமல்.

மண் கடைசி நாலு காமராக்களை மூடியது. இரண்டு நாள் தோண்டினார்கள். புஷ்பம் செல்லையாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கிடந்தாள்.

விசாரணைக்கு வந்தவர்கள் கொப்பியைக் கேட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு எண்பத்தெட்டு, மூன்றரைக்குப் பத்தொன்பது என்று இருந்தது. விஜயகலா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர்கள் அதைக் கேட்டுக்கொண்டார்கள், ஆனால் எழுதவில்லை. பதிவான மழை எச்சரிக்கை அளவைத் தொடவில்லை, ஆகவே அவள்மேல் தவறில்லை என்று எழுதினார்கள். வெளியே வந்து ஆபீஸ் மஹத்தயா, பயப்பட வேண்டாம், உங்களுக்கு ஒன்றும் வராது என்று ஆறுதல் சொன்னார்.

எட்டாம் நாள் காரியம் முடிந்து சனம் கலைந்த பிறகு, பள்ளிக்கூட மண்டபத்தின் மூலையில் ஷாமிளா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுது ஓய்ந்த முகம். எல்லாம் கேள்விப்பட்டிருந்தாள்.

"சித்தி, அம்மா எத்தனன்னு கேட்டாங்களா?"

"கேட்டா."

"நூத்தம்பதுன்னு சொல்லியிருந்தா வந்திருப்பாங்களா?"

பெரட்டுக்களத்தில் தலையாட்டிய நாளிலிருந்து விஜயகலா ஒரு மில்லிகூடக் கூட்டிச் சொன்னதில்லை. இப்போதும் அவளுக்குப் பொய் வரவில்லை.

"வந்திருப்பா" என்றாள்.

"அப்ப சொல்லியிருக்கலாமே சித்தி" என்றாள் ஷாமிளா.