பிரித்துப் போட்ட ஷிப்ட்

நியூசிலாந்தின் பாபடோயிட்டோயில் ஒரு முதியோர் இல்லத்தில் நான் நேர்ஸ்; எல்லோருக்கும் ஷிப்ட் பிரித்துக் கொடுப்பதும் என் வேலை. காசாவில் மறுபடியும் குண்டு விழுந்த வாரம், எங்களோடு வேலை செய்யும் பாலஸ்தீனத்து லைலாவையும் இஸ்ரேலிலிருந்து வந்த நோவாவையும் வேறு வேறு ஷிப்டில் போட்டேன். போரைப் பார்த்து வளர்ந்த யாழ்ப்பாணத்துக்காரி எனக்கு இதெல்லாம் தெரியாதா என்ற நினைப்பு.

மறுநாளே இருவரும் சேர்ந்து வந்து நின்றார்கள்.

"எங்களைக் கேட்டீங்களா?" என்றாள் லைலா கோபமாக. "நாங்கள் வாக்குவாதப்படுவோம்தான். ஆனால் வீட்டிலிருந்து போன் வராத நாளில் நான் ஏன் பேசாமல் இருக்கிறேன் என்று இங்கே இவளுக்கு மட்டும்தான் தெரியும்."

நோவா ஆமென்று தலையசைத்தாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டில் கணவரிடம் சொன்னேன்.

"உங்கட இல்லத்தில இருக்கிற அந்தச் சிங்கள நேர்ஸோட நீர் உம்மை ஒருநாளும் ஒரே ஷிப்டில போடுறேல்லையே," என்றார். "அவவைக் கேட்டனீரோ?"

லைலாவையும் நோவாவையும் பழையபடி சேர்த்துவிட்டேன். ஷிப்ட் பட்டியலில் என் பெயரை எங்கே போடுவது என்றுதான் இன்னும் தெரியவில்லை.