ஏழரை லட்சம் ராமதாஸ்

மதராஸ் துறைமுகத்தில் ஜாபருக்கு வேலை, கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிப்பது. அவருக்கு எதிரே கிரேன் ஓட்டியவர் ராமதாஸ். திருவொற்றியூர் மீனவக் குப்பத்துக்காரர். அண்ணன் தம்பிகள் கடலுக்குப் போக, எட்டாம் வகுப்பு படித்த இவர் மட்டும் துறைமுகத்துக்கு வந்தார். அதிகம் பேசமாட்டார். ஆனால் ஒன்றைக் கேட்டுவிட்டால் பதில் கிடைக்கும்வரை ஆளை விடமாட்டார்.

1943 தை மாதம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் ஊரெங்கும் இருட்டடிப்பு. துறைமுகத்திலும் விளக்குகளுக்கு மூடி போட்டிருந்தார்கள். எட்டு மணி இருக்கும், வேலை முடிந்து கூண்டிலிருந்து இறங்கிய ராமதாஸ் நேராக ஜாபரிடம் வந்தார்.

"பாய், வடமேற்குல பாரு. இன்னாமோ புகை மாதிரி கீது. கூண்டுக் கண்ணாடில அழுக்குன்னு தொடச்சேன், போவல."

ஜாபர் பார்த்தார். நட்சத்திரங்களுக்கு நடுவே, ஈரக் கையால் லேசாகத் தேய்த்தாற்போல் ஒரு வெளுப்பு.

"மேகமா இருக்கும், நைனா."

"மேகம்னா நகரணும் இல்ல? மூணு நாளா நட்சத்திரத்தோடயே போய்கினு கீது. சின்ன வயசுல கடல்லயும் பாத்துக்கீறேன். நானும் மேகம்னு வுட்டுட்டேன். நீ இங்கிலீசு படிச்சவன். புஸ்தகத்துல பாத்துச் சொல்லு."

ஜாபர் எழும்பூர் நூலகத்துக்கு இரண்டு ஞாயிறு அலைந்து விஷயத்தோடு வந்தார். அதன் பேர் ஆண்ட்ரோமெடா. புகையும் இல்லை, மேகமும் இல்லை. நம் சூரியன் இருக்கும் நட்சத்திரக் கூட்டத்தைப் போலவே, சுழல் வடிவத்தில் இன்னொரு பெரிய கூட்டம். அங்கிருந்து புறப்பட்ட வெளிச்சம் இங்கே வந்து சேர ஏழரை லட்சம் வருஷம் ஆகிறது.

ராமதாஸ் ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தார் ஜாபர். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"யாரு போய் அளந்தது?"

அந்தக் கேள்விக்காக ஜாபர் இன்னும் நாலைந்து முறை நூலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. சில நட்சத்திரங்கள் நாள் கணக்கு தவறாமல் கூடிக் குறைந்து ஒளிர்கின்றன. ஒரு சுற்றுக்கு எத்தனை நாள் கூடுதலோ, அத்தனைக்கு அதன் சொந்த வெளிச்சமும் கூடுதல். ஆண்ட்ரோமெடாவிலும் அப்படிப்பட்டவற்றைக் கண்டுபிடித்து, இங்கிருந்து எவ்வளவு மங்கலாகத் தெரிகின்றன என்று பார்த்துத் தூரத்தைக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

"கப்பல் லைட்டு மாதிரி," என்றார் ராமதாஸ் மெதுவாக. "லைட்டு எம்மாம் பெருசுன்னு தெரிஞ்சா, மங்கலை வச்சுத் தூரம் சொல்லிடலாம்."

அதோடு அவர் நிறுத்தவில்லை. திருவோண நட்சத்திரத்துக்குத் தெற்கே, வெறும் கண்ணுக்கே தெரியும் அப்படியொரு நட்சத்திரம் இருப்பதை ஜாபர் சொன்னதும், வானம் தெளிந்த மாலைகளிலெல்லாம் குப்பத்துக் கரையில் நின்று, பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு நோட்டில் எழுதினார். இரண்டு வருஷம். கடைசியில் ஒரு சுற்றுக்கு ஏழு நாளும் கொஞ்சமும் என்று அவருக்கே விடை வந்தது. புத்தகமும் அதையே சொன்னது. அன்றைக்குத்தான் ஏழரை லட்சத்தை அவர் நம்பினார்.

நம்பியதை ஊருக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1947இல் ராயபுரம் தொழிலாளர் படிப்பகத்தில் கரும்பலகையில் படம் போட்டு ஒரு மணி நேரம் பேசினார். பாதிப் பேர் கேட்டார்கள், பாதிப் பேர் சிரித்தார்கள். மூட்டை தூக்கும் விஞ்ச் இயந்திரத்தை ஓட்டும் குமாரவேல், "சனி புடிச்சா ஏழரை வருசம், இவரு புடிச்சா ஏழரை லட்சம்பா," என்றான். பேர் ஒட்டிக்கொண்டது. வாயிற்காவலர் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் 'ஏழரை லட்சம்'தான்.

1953இல் ஜாபர் ஒரு ஆங்கிலப் பத்திரிகையைப் படித்தார். நாம் இங்கே இருட்டில் கிடந்த அதே யுத்த காலத்தில், அமெரிக்காவிலும் ஒரு மலையடிவார நகரம் விளக்கணைத்துக் கிடக்க, மலை மேலிருந்து ஆண்ட்ரோமெடாவை முன்னெப்போதையும்விடத் தெளிவாகப் படம்பிடித்திருக்கிறார்கள். அதிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சி, பிறகு வந்த பெரிய தொலைநோக்கி, எல்லாம் சேர்ந்து பழைய கணக்கைக் கவிழ்த்துவிட்டன. கூடிக் குறையும் நட்சத்திரங்களில் இரண்டு ஜாதி. அதிக வெளிச்சமுள்ள ஜாதியை மங்கலான ஜாதியாக எடுத்துக்கொண்டார்கள். உண்மைத் தூரம் ஏறக்குறைய இரட்டிப்பு.

தயங்கித் தயங்கித்தான் ராமதாஸிடம் சொன்னார். "யாருக்கும் தெரியாது, நைனா. நீயும் வுட்டுடு. மறுபடியும் சிரிப்பானுங்க."

ராமதாஸ் தலையை அசைத்து மறுத்தார். "ஊரைக் கூட்டித்தானே சொன்னேன், பாய்? கூட்டித்தான் மாத்தணும்."

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது அவர் மனைவி பவுனம்மாள் துவைத்த சட்டையை நீட்டினாள். "தப்புன்னு சொல்லப் போறவருக்கு சட்டையாச்சும் சரியா இருக்கட்டும்."

படிப்பகம் நிறைந்திருந்தது, வேடிக்கை பார்க்கத்தான். ராமதாஸ் சுற்றி வளைக்கவில்லை. "ஆறு வருசம் முன்னாடி இங்க நின்னு ஏழரை லட்சம்னு சொன்னேன். அது தப்பு. பதினஞ்சு லட்சம். தூரத்துல நிக்கிற கப்பல் லைட்டைப் படகு லைட்டுன்னு நெனச்சா, கிட்ட கீதுன்னுதானே தோணும்? அப்டித்தான் ஆயிடிச்சு." எப்படிப் பிடிபட்டது என்பதையும் பொறுமையாகச் சொன்னார்.

குமாரவேல் எழுந்தான். "நாளைக்கு முப்பது லட்சம்னு சொன்னா இன்னா பண்ணுவ?"

"சரியா அளந்துதான் சொல்றாங்களான்னு பாப்பேன். சரியா இருந்தா, இதே எடத்துல வந்து நிப்பேன்."

யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஜாபர் உட்கார்ந்திருந்தார். இங்கிலீஷ் தெரிந்த தான் ஒளித்து வைக்கச் சொன்னதை, இந்த மனிதர் இத்தனை பேர் முன்னால் சாதாரணமாகச் சொல்லிவிட்டு நிற்கிறாரே என்று நினைத்துக்கொண்டார்.

குமாரவேல் இன்னும் உட்காரவில்லை. கொஞ்சம் கூச்சத்தோடு, "அந்தக் கூடிக் கொறையுற நட்சத்திரத்த எப்டிப் பாக்கறது?" என்றான்.

அந்த வாரமே ஒன்பது பேர் ராமதாஸோடு கடற்கரைக்குப் போனார்கள். மழைக்காலம் வந்ததும் எட்டுப் பேர் நின்றுவிட்டார்கள். குமாரவேல் மட்டும் ராமதாஸ் ஓய்வுபெறும்வரை, ஐந்து வருஷம் விடாமல் நட்சத்திரக் கணக்கை நோட்டில் எழுதினான்.