ஒரே கல்லில் ஒரு சங்கிலி

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்துப்போக வேண்டியவர் எங்கள் சமூக அறிவியல் ஆசிரியை. முந்தின நாள் அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க போயிட்டு வந்துருங்க டீச்சர், பஸ்ஸெல்லாம் சொல்லியாச்சு" என்றார்.

நான் கணக்கு டீச்சர். அந்த ஆசிரியை எழுதி அனுப்பிய இரண்டு பக்கக் குறிப்பைத் தவிர அந்தக் கோயிலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதை விடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது, அதைத் தலைமையாசிரியரிடம் சொல்லவில்லை. அப்படிப்பட்ட பெரிய கோயிலுக்குள் நான் அதுவரை காலடி வைத்ததில்லை. எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் தோட்டத்தில் வேலை செய்த குடும்பம். அப்பாவைப் பெற்ற அப்பாரு காலத்தில் எங்களை உள்ளே விடமாட்டார்கள். விட்ட பிறகும் அப்பா போகவில்லை. ரோஷம். நாங்களும் அப்படியே வளர்ந்துவிட்டோம்.

பீளமேட்டிலிருந்து பள்ளிப் பேருந்து கிளம்பியது. துணைக்கு ஒரு பெற்றோர் வரவேண்டும் என்று கேட்டிருந்தோம். ஒரு மாணவியின் அப்பா மட்டும் வந்தார். சிங்காநல்லூரில் ஒரு பட்டறையில் இரும்பு கடையும் லேத் ஓட்டுகிறவர். வார லீவு நாள் என்றார். நொய்யல் ஆற்றங்கரையில் இருக்கும் அந்தப் பழைய சிவன் கோயிலில் இறங்கியதும், பிள்ளைகள் கழற்றிப் போட்ட காலணிக் குவியலைப் பார்த்துவிட்டு, "நீங்க உள்ள போங்க டீச்சர். எல்லாம் ஒரே கறுப்பு ஷூவா இருக்குது, மாறிப்போயிருமுங்க. நான் இங்கயே பாத்துக்கறனுங்க" என்று வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார்.

கோபுர வாசலின் நிலைப்படி உயரமாக இருந்தது. பிள்ளைகள் தாண்டிக் குதித்து ஓடினார்கள். நான் ஒரு நிமிடம் நின்றேன். பின்னால் வந்த சிறுமி, "மிஸ், வழி" என்றாள். தாண்டிவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. ஆனாலும் உள்ளே குளிர்ந்த கல்லில் பாதம் பட்டபோது உடம்பு சிலிர்த்தது.

சிற்பத் தூண்கள் நிற்கும் மண்டபத்துக்குப் போகும்வரை பிள்ளைகளின் சத்தம் ஓயவில்லை. அங்கே தானாக அடங்கியது. ஆளை விட உயரமான உருவங்கள். ஒன்றின் தூக்கிய காலில் நகங்கள் கூடத் தெரிந்தன. யாரோ ஒருவர் உட்கார்ந்து அந்தச் சுண்டுவிரல் நகத்துக்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறார். நான் குறிப்பைப் படித்தேன். "மேலே பாருங்கள். கல் சங்கிலி. ஒரே கல்லில் செய்தது."

எல்லாரும் அண்ணாந்தார்கள். கூரையிலிருந்து வளையம் வளையமாகக் கல் தொங்கியது.

"எப்பிடி மிஸ் மாட்டுனாங்க?" என்றான் ஒருவன்.

"மாட்டலை. ஒரே கல்லு."

"ஒரே கல்லுன்னா ஒரு வளையத்துக்குள்ள இன்னொன்னு எப்பிடிப் போச்சு?"

குறிப்பின் இரண்டு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தேன். அப்போது லேத்காரரின் மகள், "எங்கப்பாவைக் கேக்கலாம் மிஸ், அவருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, நான் சரி என்பதற்குள் ஓடிப்போய் அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள்.

அவர் அண்ணாந்து பார்த்தார். சங்கிலியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பிறகு சட்டென்று தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டார். பிள்ளைகளும் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். அந்நேரம் பார்த்து ஒரு குருக்கள் அந்தப் பக்கம் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பிள்ளைகளை எழுப்பலாம் என்று குனிந்தேன். குருக்கள் கையமர்த்தினார்.

"ஏனுங்க டீச்சர்," என்றார் லேத்காரர், படுத்தபடியே. "எங்கயும் ஒட்டு இல்லீங்க. நீளமா ஒரு கல்லை எடுத்து, வேண்டாததைக் கொஞ்சங் கொஞ்சமா கொத்தி எடுத்திருக்காங்க. ஒரு வளையத்துக்குள்ள உளிய உட்டு அடுத்த வளையத்தைப் பிரிக்கோணும். பிரிச்சதுக்கப்புறம் அது ஆடும். ஆடற கல்லுல அடிக்கறது லேசு இல்லீங்க. கடைசி வளையத்துல ஒரு அடி தப்பா உழுந்துச்சுன்னா மொத்தமும் போச்சு. நானெல்லாம் லேத்துல ஒரு ஜாப் ரிஜெக்ட் ஆனா அடுத்த இரும்பை எடுத்து மாட்டிக்குவனுங்க. இந்த ஆளு எங்க போவாரு?"

குருக்கள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இத்தனை வருஷமா இதுக்குக் கீழயே போயிட்டு வந்துட்டு இருக்கறேன். ஒரே கல்லுன்னு வர்றவங்ககிட்டச் சொல்லுவேன். எப்படீன்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியுது" என்றார். பிறகு அவரே மாணவனைப் போலக் கேட்டார்: "கீழ வெச்சுச் செதுக்கிட்டு மேல தூக்கியிருப்பாங்களா, மேல வெச்சுட்டுச் செதுக்கியிருப்பாங்களா?"

லேத்காரர் யோசித்தார். "தெரியலீங்க சாமி. ரெண்டையும் என்னால நெனச்சுப் பாக்க முடியலீங்க."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த வேலையைச் செய்த கையின் பெயர் எந்தக் குறிப்பிலும் இல்லை. கல்லை வெட்டியவர்கள், இழுத்து வந்தவர்கள், சாரம் கட்டியவர்கள் எத்தனை பேரோ. அவர்களில் எங்கள் ஆட்களும் இருந்திருப்பார்கள் என்று அன்று தோன்றியது. மண்டபம் எழுந்து நிற்கும்வரை உள்ளே இருந்துவிட்டு, பிறகு வெளியே நின்றவர்கள். இதை நான் எங்கும் படித்ததில்லை. அந்தக் கல்லைப் பார்த்தபோது அப்படித் தோன்றியது, அவ்வளவுதான்.

உச்சிக்கால பூஜைக்கு மணி அடித்தது. குருக்கள் எழுந்து, "வாங்க, எல்லாரும் சாமி கும்பிட்டுட்டுப் போலாம்" என்றார். பிள்ளைகள் போனார்கள். நான் தூணருகில் தங்கினேன். அவர் திரும்பி வந்து, "டீச்சர், உங்களையுந்தாங்க" என்றார்.

போனேன். இருட்டுக்குள் தீபம் உயர்ந்தபோது கல்லும் எண்ணெயும் பூவும் கலந்த வாசனை வந்தது. என்ன வேண்டிக்கொள்வதென்று தெரியவில்லை. எல்லாரையும் போலக் கை கூப்பி நின்றேன்.

வரும்போது இருந்த கூச்சல் திரும்பும்போது பேருந்தில் இல்லை. பாதி வழியில் ஒரு சிறுமி முன் இருக்கைக்கு வந்து லேத்காரரிடம் கேட்டாள்: "அங்கிள், கடைசி வளையம் முடிஞ்சதும் அவரு என்ன பண்ணியிருப்பாரு?"

"தொட்டிருக்க மாட்டாரு கண்ணு," என்றார் அவர். "உளியக் கீழ வெச்சுப்போட்டு, ஆடி நிக்கற வரைக்கும் மூச்சு உடாம பாத்துட்டு இருந்திருப்பாரு."