சவுக்குத் தோப்பில் வாயில்லாப் பூச்சி

மூன்றாம் கிளாஸோடு நின்றவன் நான். ஆனால் திண்டிவனத்துக்குக் கிழக்கே எங்கள் சவுக்குத் தோப்பில் நுழைந்தால் விஞ்ஞானி மாதிரிதான் நடப்பேன். தோப்பு தம்பி வைத்தது. அவன் குவைத்தில் இருந்தான், காவல் நான்.

"இந்தத் தோப்பு வெட்டோட வந்துட்றேண்ணே. அப்புறம் பாஸ்போர்ட்ட அடுப்புல போட்டுட்றேன்" என்பான் போனில்.

இரண்டாம் வருஷம் மரங்களின் பட்டைமேல், தூளும் நூலாம்படையும் கலந்து நாடா மாதிரி ஏதோ நெளிந்து ஏறியிருந்தது. பார்த்ததுமே கரையான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். மருந்து வாங்கி வேர் வேராக ஊற்றினேன். தம்பிக்கு ரோட்டோர வரிசையை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினேன். அது பச்சையாக இருந்தது. முன்னால் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அடுத்த வருஷம் பக்கத்துத் தோப்பு அக்கா உள்ளே வந்தார். மரத்திலிருந்த ஓட்டைக்குள் சைக்கிள் கம்பியை விட்டுக் குடைந்தார். நுனியில் பழுப்பாக ஒரு புழு வந்தது.

"கரையானாய்யா இது? பட்டை தின்ற புழு. பகல்ல ஓட்டைக்குள்ள தூங்கிக்கினு, இருட்டுனா இந்த நாடாவுக்கு அடியில போய்த் தின்னும். நீ வேருக்கு ஊத்திக்கினு கீற!"

"வேருக்கு ஊத்துனா மேல ஏறும்னு நெனச்சேங்க்கா."

"சோத்த உங் கால்ல கொட்டுனா வயித்துக்கு ஏறுமா? தம்பிக்குச் சொன்னியா?"

"சொல்றேங்க்கா."

சொல்லவில்லை.

வருஷம் முழுக்கத் தின்ற புழு, வெயில் காலத்தில் சாம்பல் நிற அந்துப்பூச்சியாக வெளியே வந்தது. பட்டையோடு பட்டையாக ஒட்டியிருக்கும். பூச்சியானபின் அது எதையும் தின்னாதாம். அதற்கான வாயே கிடையாதாம். இரண்டு மூன்று நாளில் பட்டை இடுக்கில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். எனக்கோ வாயைத் தவிர வேறெதுவும் கிடையாது.

ஓட்டை ஓட்டையாகக் கம்பியால் குத்தி, மண்ணெண்ணெய்ப் பஞ்சு வைத்து, களிமண்ணால் அடைத்தேன். ஐப்பசிக் காற்றில், புழு குடைந்த இடங்களிலேயே பாதித் தோப்பு முறிந்தது. அதையும் சொல்லவில்லை. ரோட்டோர வரிசை நின்றது, போட்டோவும் போனது.

வெட்டுக்கு வந்த தம்பி அந்த வரிசையைத் தாண்டி உள்ளே போனான்.

"மீதி எங்கண்ணே?"

எதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பவன் நான். அன்றைக்கு, முறிந்த அடிமரத்தில் களிமண் அடைத்த ஓட்டையைத்தான் காட்டினேன்.

மிஞ்சிய மரத்தை நம்பி அவன் இங்கே உட்கார முடியாது. பதினைந்தாம் நாள் பஸ் ஸ்டாண்டில் அவன் பெட்டியை நான்தான் ஏற்றினேன். பஸ் நகரும்போது ஜன்னல் வழியாகச் சொன்னான்:

"போட்டோ எதுவும் அனுப்பாதண்ணே."