கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்த ஒலேனா

என் வகுப்பில் அனுமதி கேட்காமல் யாரும் எழுந்து போகக் கூடாது. கான்வென்டில் நான் பழகிய வழக்கம் அது. கணினி வழியாகப் பாடம் நடத்தும்போதும் அதை மாற்றியதில்லை.

இன்று காலை உக்ரைனின் கார்கிவ் நகரத்து ஒலேனாவுக்கு வகுப்பு. பதினேழு வயது. போரில் அவள் பள்ளி இடிந்துவிட்டது. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு ஆங்கிலக் கட்டுரை எழுதப் பழக்குகிறேன்.

நடுவில் பட்டினப்பாக்கத்து மீன்காரம்மா மேரி மணியடித்தாள். "எழுதிக்கொண்டிரு" என்று ஒலேனாவிடம் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனேன். வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்துப் பேரம் பேசி முடிக்க ஐந்து நிமிடம் ஆனது.

திரும்பி வந்தால், திரையில் ஒலேனா கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருக்கிறாள். அவள் பின்னால் அபாயச் சங்கு அலறுகிறது.

"எவ்வளவு நேரமாக ஊதுகிறது?"

"நீங்கள் எழுந்து போனதிலிருந்து, மிஸ். நான் நிலவறைக்குப் போகலாமா?"

"ஓடு" என்றேன். அவள் எழுந்து ஓடினாள்.

மேரி கூடையோடு உள்ளே வந்துவிட்டாள்.

"இன்னாம்மா, மூஞ்சி வெளுத்துக் கீது?"

சொன்னேன்.

"குண்டு வுழும்போது பர்மிசனா? நல்லா வளத்துக் கீற புள்ளைய."

அவளும் போகவில்லை. இருவரும் திரையில் தெரிந்த காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாற்பது நிமிடம் கழித்துச் செய்தி வந்தது: "உள்ளே வரலாமா, மிஸ்?"

'சங்கு ஊதினால் யாரையும் கேட்காமல் ஓடுவேன்' என்று பத்து முறை எழுத வைத்தேன். இதை வேறு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.