டிராக்டபிள் என்றொரு நற்சான்று

அந்த ஆங்கிலச் சொல்லை நினைத்தால் இன்றும் என்மீதே எனக்குக் கோபம் வருகிறது.

நீடாமங்கலத்தில் டைப்பிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியபோது, குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போகும் பெண்களுக்கு ஆங்கிலத்தில் நற்சான்று அடித்துக் கொடுப்பேன். எல்லோருக்கும் 'டிராக்டபிள்' என்று போடுவேன். அகராதியில் நானே தேடி எடுத்த சொல் என்ற பெருமை வேறு.

நடவுக்குப் பெண்களைக் கூட்டிப்போகும் ஆரோக்கியமேரி மட்டும், "என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க? படிச்சுச் சொல்லுங்க சார்" என்றார்.

"சொன்னபடி கேப்பீங்க, முரண்டு பிடிக்க மாட்டீங்கன்னு எழுதியிருக்கேம்மா."

அவர் முகம் சிவந்துவிட்டது.

"சந்தையில மாட்டை விக்கிறப்பதான் சார் இப்படிச் சொல்லுவாங்க. குடிக்கத் தண்ணி வராம வயல்ல இறங்க மாட்டோம்னு மிராசுதார் முன்னாடியே நின்னவ நான். வேலை தெரிஞ்சவன்னு எழுதுங்க."

"அப்படி எழுதினா எடுப்பாங்களான்னு தெரியலையேம்மா."

"எடுக்காட்டிப் போகட்டும்."

காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு அடித்தேன்.

அவருக்கு முன்னால் எத்தனையோ பெண்கள் அந்தக் காகிதத்தைப் பத்திரமாக மடித்துக்கொண்டு, ஏதோ நல்ல வார்த்தை என்று நம்பி, என்னைக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.